அன்னாவின் கண்ணீரும் நமது திருமண வாக்குறுதியும்



ஆண்டுக்கொரு முறை ஒரு குடும்பம் யாத்திரை போகின்றது. எல்கானா என்பவர் தமது இரு மனைவியரையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு சீலோ என்னும் திருத்தலத்திற்குச் செல்கின்றார். பலி ஒப்புக்கொடுக்கப்படுகின்றது. பின்னர் பலியுணவு அனைவருக்கும் பங்கிடப்படுகின்றது. மடு அன்னையின் திருத்தலத்திற்குக் குடும்பமாய்ச் சென்று, வழிபாடு முடிந்ததும் மரநிழலில் அமர்ந்து உணவைப் பகிர்ந்துண்ணும் நமக்கு இக்காட்சி புதியதன்று. ஆனால் அந்தப் பந்தியிலே ஒரு பெண் மட்டும் உண்ணாமல் அழுதுகொண்டிருக்கின்றார். அவர்தான் அன்னா. அவருக்குப் பிள்ளைப்பேறு இல்லை. மற்றைய மனைவியாகிய பெனின்னாவுக்குப் பிள்ளைகள் உண்டு. அதனைச் சொல்லிக்காட்டி அன்னாவைப் புண்படுத்துவது ஒவ்வோர் ஆண்டும் நடக்கின்றது.

எல்கானா கொடியவர் அல்லர். இறைபக்தியுள்ளவர், அன்னாவை உண்மையாகவே நேசித்தவர். பத்து மைந்தரைவிடத் தாம் அவருக்கு மேலானவர் அல்லவா என்று கேட்டு அவரைத் தேற்றவும் முயன்றார் (1 சாமுவேல் 1:1-8). ஆயினும் அன்னாவின் கண்ணீர் நிற்கவில்லை. நல்ல மனிதர் ஒருவரின் வீட்டிலே, ஆண்டவரைத் தவறாது வழிபடும் வீட்டிலே, இந்தக் கண்ணீர் எதனால் வந்தது?

இக்கேள்வியோடு இவ்வாரம் பலதார மணம் குறித்துச் சிந்திப்போம். ‘ஒருவனுக்கு ஒருத்தி’ என்பது நமக்குப் பழகிப்போன நெறி. ஆனால் மனிதகுல வரலாற்றில் பல சமூகங்கள் வேறு விதமாக எண்ணின. வேறு விதமாக வாழ்ந்தன. அவற்றின் நியாயங்களை அறிந்துகொண்டால்தான் நாம் பீடத்தின் முன் கொடுத்த வாக்குறுதி எவ்வளவு பாரமானது என்பதும் நமக்குப் புலப்படும்.

முதுபெரும் தந்தையரின் இல்லங்கள்

விவிலியத்தில் இரு மனைவியரைக் கொண்டவராக முதன்முதல் கூறப்படுபவர் இலாமேக்கு. காயினின் வழிவந்த இவர், தாம் செய்த கொலையைத் தம் மனைவியரிடம் பெருமையாகப் பேசியவர் (தொடக்கநூல் 4:19-24). அவருக்குப் பின்னர் நம்பிக்கையின் தந்தையர் என நாம் போற்றும் ஆபிரகாமும் யாக்கோபும் கூட ஒன்றுக்கு மேற்பட்ட பெண்களோடு வாழ்ந்தனர். மோசேயின் சட்டம் இதனைத் தடைசெய்யவில்லை, கட்டுப்படுத்தியது. மனைவி உயிரோடிருக்கையில் அவளுடைய சகோதரியை மணந்து அவளுக்குப் போட்டியாக்கக் கூடாது என்றது (லேவியர் 18:18). அன்புபெறாத மனைவியின் மகன் தலைமகனாக இருப்பின், அவனுக்குரிய பங்கை அன்புபெற்ற மனைவியின் மகனுக்கு மாற்றிக் கொடுக்கக் கூடாது என்றது (இணைச்சட்டம் 21:15-17). அரசன் மனைவியரைப் பெருக்கிக்கொள்ளலாகாது என்றும் எச்சரித்தது (இணைச்சட்டம் 17:17). எழுநூறு மனைவியரும் முந்நூறு வைப்பாட்டியரும் கொண்டிருந்த சாலமோன் அந்த எச்சரிக்கையை எங்ஙனம் மதித்தார் என்பதை நாம் அறிவோம் (1 அரசர் 11:3).

இந்தச் சட்டங்களை மீண்டும் ஒருமுறை கூர்ந்து வாசியுங்கள். ‘அன்புபெறாத மனைவி’ ஒருத்தி வீட்டில் இருப்பாள் என்பதைச் சட்டமே எதிர்பார்க்கின்றது. விவிலியமும் அவ்வீடுகளின் துயரை மறைக்கவில்லை. கையில் சிறிது அப்பமும் தண்ணீரும் பெற்றுப் பிள்ளையோடு பாலைநிலத்திற்கு அனுப்பப்பட்ட ஆகாரை அது நமக்குக் காட்டுகின்றது. ஒவ்வொரு மகன் பிறக்கும்போதும் இனியாவது கணவர் தம்மை நேசிப்பார் என்று ஏங்கிய லேயாவைக் காட்டுகின்றது. ஒரே தந்தைக்கு வெவ்வேறு தாயரிடம் பிறந்து, ஒருவரையொருவர் அழித்துக்கொண்ட தாவீதின் மைந்தரைக் காட்டுகின்றது.

இவ்வழக்கம் ஆண்டவர் இயேசுவின் காலத்திற்குப் பின்னும் யூதரிடையே முற்றாக மறையவில்லை. 1961ஆம் ஆண்டு, சாக்கடலின் மேற்குக் கரையோரக் குகை ஒன்றில் பபதா என்னும் யூதப் பெண்ணின் பத்திரங்கள் கண்டெடுக்கப்பட்டன. அவர் இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். கணவர் இறந்தபின், அவருடைய சொத்துக் குறித்து, அவருடைய மற்றைய மனைவியாகிய மிரியம் என்பவரோடு கி.பி. 131இல் வழக்காடியமைக்கான பத்திரமும் அவற்றுள் ஒன்று. ஐரோப்பிய யூதரிடையே, ஏறத்தாழ கி.பி. 1000ஆம் ஆண்டளவில் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் வாழ்ந்த கெர்சோம் என்னும் ரபியின் பெயரால் அறியப்படும் கட்டளையே பலதார மணத்தைத் தடைசெய்தது.

ஒவ்வொரு சமூகத்திற்கும் ஒரு நியாயம்

பலதார மணத்தைக் காமத்தின் விளைவு என்று மட்டும் கூறிவிட்டு நகர்வது நேர்மையாகாது. ஒவ்வொரு சமூகமும் அதற்கொரு காரணத்தை வைத்திருந்தது.

முதலாவது காரணம், பிள்ளை. சாரா தம் பணிப்பெண்ணைக் கணவரிடம் கொடுத்தது பிள்ளைக்காகவே. விவிலியத்தில் அன்னாவின் பெயர் முதலாவதாகக் கூறப்படுவதால், பெனின்னாவும் பிள்ளைக்காகவே அவ்வீட்டிற்கு வந்திருக்கக்கூடும் என விளக்கவுரையாளர் பலர் கருதுவர்.

இரண்டாவது காரணம், நிலம். நமது நாட்டின் கண்டி இராச்சியத்தில் சகோதரர் இருவரோ பலரோ ஒரே பெண்ணை மனைவியாகக் கொண்டு வாழும் வழக்கம் இருந்தது. ‘ஒரே வீட்டில் உண்ணுதல்’ என்ற பொருள்படும் சிங்களச் சொற்றொடரால் அதனைக் குறிப்பிட்டனர். சிறிய வயற்காணி சகோதரரிடையே துண்டுபடாமல் இருப்பதற்கு அது ஒரு வழியாகக் கருதப்பட்டது. திபெத்தின் மலைக்கிராமங்களிலும் இதே காரணத்திற்காக இதே வழக்கம் நிலவியது. கண்டிப் பிரதேசத்தில் ஒருவன் பல மனைவியரைக் கொள்வதையும், ஒருத்தி பல கணவரைக் கொள்வதையும் 1859ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தினால் பிரித்தானிய அரசு தடைசெய்தது. பலதார மணம் என்றதும் ஆணின் ஆதிக்கத்தை மட்டுமே எண்ணுகின்ற நமக்கு, ஒரு துண்டு வயலுக்காகவும் மனிதர் தம் இல்லறத்தை இவ்வாறு அமைத்துக்கொண்டனர் என்பது வியப்பளிக்கலாம்.

மூன்றாவது காரணம், ஆதரவற்ற பெண்கள். போரிலே ஆண்கள் மடிந்த சமூகங்களில், கைம்பெண்ணுக்கும் அவளுடைய பிள்ளைகளுக்கும் கூரை தருவது யார்? ஏழாம் நூற்றாண்டு அரேபியாவில், அதுவரை எல்லையின்றி இருந்த வழக்கத்திற்கு இஸ்லாம் நான்கு என எல்லை வகுத்தது. திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயம் அநாதைகளுக்கு நீதி செய்வது பற்றிப் பேசும் இடத்திலேதான் இந்த அனுமதியைத் தருகின்றது. மனைவியரிடையே நீதியாக நடக்க இயலாதென அஞ்சினால் ஒருத்தியோடு நிற்கும்படியும் அறிவுறுத்துகின்றது. அந்த நீதியை முழுமையாகக் கடைப்பிடிப்பது மனிதரால் இயலாதது என அதே அத்தியாயம் பிறிதோரிடத்தில் கூறுவதைச் சுட்டிக்காட்டி, 1956இல் துனீசியா தனது சட்டத்தில் பலதார மணத்தைத் தடைசெய்தது. துருக்கி அதனை 1926இலேயே செய்திருந்தது. இந்தியாவில் 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம், இந்துக்களுக்கு ஒருதார மணத்தையே விதித்தது.

நான்காவது காரணம், அதிகாரமும் செல்வமும். மன்னரின் மனைவியர் எண்ணிக்கை அவர்தம் உறவுகளையும் வலிமையையும் காட்டியது. இதைக் குறித்து அதிகம் கூற வேண்டியதில்லை.

உரோமையரோ சட்டத்தில் ஒருதார மணத்தையே ஏற்றிருந்தனர். ஆயினும் வீட்டின் அடிமைப் பெண்ணுக்கு எசமானால் நேர்ந்ததைப் பற்றி அச்சட்டம் கேள்வி கேட்கவில்லை. சட்டம் ‘ஒருத்தி’ என்று கூறுவதனால் மட்டும் ஒருவர் தம் துணைக்கு உண்மையுள்ளவராகிவிடுவதில்லை. இதனை நாம் நெஞ்சில் இருத்திக்கொள்வது நல்லது.

‘தொடக்கத்தில்’ என்றார் ஆண்டவர்

பரிசேயர் ஆண்டவரிடம் வந்து கேட்டது பலதார மணத்தைப் பற்றியன்று, மணவிலக்கைப் பற்றியே. ஆனால் அவர் தந்த பதில் இரண்டையும் தொட்டது. மோசேயின் அனுமதி மக்களின் கடின உள்ளத்தின் பொருட்டுத் தரப்பட்டது எனக் கூறி, அவர் அவர்களைத் தொடக்கத்திற்கே அழைத்துச் சென்றார் (மத்தேயு 19:3-9). ஆணும் பெண்ணும் ஒரே உடலாவர் என்னும் தொடக்கநூலின் எபிரேய மூலத்தில் (2:24) ‘இருவர்’ என்ற சொல் இல்லை. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் அச்சொல் உண்டு; ஆண்டவர் எடுத்துரைத்ததாக நற்செய்தி தருவதும் அவ்வாறே, ‘இருவரும்’ என்பதாக. மூவருக்கோ நால்வருக்கோ அங்கே இடமில்லை.

மாற்கு நற்செய்தியில் இன்னும் ஒரு புதுமை உண்டு. தன் மனைவியை விலக்கி வேறொருத்தியை மணப்பவன், அந்த முதல் மனைவிக்கே எதிராக விபசாரம் செய்கின்றான் என்கின்றார் ஆண்டவர் (மாற்கு 10:11). பண்டைய வழக்கிலே விபசாரம் என்பது ஒரு கணவனுக்கு எதிராக இன்னோர் ஆண் செய்யும் குற்றமாகவே எண்ணப்பட்டது. மனைவிக்கு எதிராகவும் அக்குற்றம் இழைக்கப்படலாம் என்பது, கேட்டவரை நிச்சயம் திகைக்க வைத்திருக்கும். கணவரின் உடலின்மேல் மனைவிக்கும் உரிமை உண்டு என்று புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதியதும் (1 கொரிந்தியர் 7:4) இந்த ஊற்றிலிருந்தே பிறந்தது. அன்புபெறாதவள் என்ற நிலையே ஒரு வீட்டில் இருக்கலாகாது என்பது ஆண்டவரின் சித்தம்.

அப்படியானால், மேலே கூறிய நியாயங்களுக்கு என்ன பதில்? பிள்ளையற்றவர் என்ன செய்வது? கைம்பெண் எங்கே போவது?

ஆதித் திருச்சபை இதற்கு வெறும் உபதேசத்தால் பதில் கூறவில்லை. எருசலேமில் முதன்முதலாகப் பணியாளர் எழுவர் தேர்ந்தெடுக்கப்பட்டதே, கைம்பெண்களுக்கான அன்றாடப் பந்தியில் ஒரு பகுதியினர் கவனிக்கப்படாமற் போனதால்தான் (திருத்தூதர் பணிகள் 6:1-6). அநாதைகளையும் கைம்பெண்களையும் துன்பவேளையில் கவனித்தலே தூய சமயவாழ்வு என்றார் புனித யாக்கோபு (யாக்கோபு 1:27). கி.பி. 251இல் திருத்தந்தை கொர்னேலியு எழுதிய கடிதமொன்று, உரோமைத் திருச்சபை 1,500க்கும் மேற்பட்ட கைம்பெண்களையும் வறியோரையும் பராமரித்து வந்ததைக் கூறுகின்றது. ஒரு கைம்பெண் வாழ்வதற்கு இன்னொருத்தியின் கணவரைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டியதில்லை என்ற நிலையை, அச்சபை தன் உணவைப் பங்கிட்டு உருவாக்கியது.

பிள்ளைப்பேறு குறித்தும் திருச்சபை தெளிவாகவே பேசுகின்றது. பிள்ளை பெற இயலாமை திருமணத்தைத் தடுப்பதுமில்லை, செல்லாததாக்குவதுமில்லை என்பது திருச்சபைச் சட்டம் (1084). பிள்ளை இல்லாவிடினும் திருமணம் தன் மாண்பை இழப்பதில்லை என இரண்டாம் வத்திக்கான் சங்கமும் போதித்தது.

ஆகவே, ஒருதார மணம் கணவனும் மனைவியும் மட்டுமே தாங்கி நிற்கக்கூடிய ஒன்றன்று. பிள்ளையற்றவரை மதிக்கும் உறவினரும், கைம்பெண்ணைக் கைவிடாத பங்குச் சமூகமும் சூழ்ந்திருந்தால்தான் அந்த நெறி அன்பின் நெறியாகும். அவை இல்லாதவிடத்து, ‘ஒருவனுக்கு ஒருத்தி’ என்பது வாய்ப்பேச்சாகவே எஞ்சும்.

உகண்டாவில் ஒரு சாட்சி

பலதார மணம் பெருமைக்குரியதாய் இருந்த நாடொன்றில் நற்செய்தி சென்றபோது என்ன நேர்ந்தது? 1879இல் கத்தோலிக்க மறைபரப்பாளர் உகண்டாவை அடைந்தனர். அங்கே மத்தியாஸ் முலும்பா என்னும் தலைவர் ஒருவர் இருந்தார். அவருக்குப் பல மனைவியர். அவர் உண்மையைத் தேடி இஸ்லாத்தையும், பின்னர் புரட்டஸ்தாந்து சபையையும் நாடிச்சென்று, இறுதியில் கத்தோலிக்க மறையைக் கற்றார். ஒரு மனைவியை மாத்திரம் தம்மோடு வைத்துக்கொண்டு, 1882இல் திருமுழுக்குப் பெற்றார். 1886ஆம் ஆண்டு மே மாதத்தில், முவாங்கா மன்னரின் கட்டளையால் அவருடைய அவயவங்கள் வெட்டப்பட்டன. கம்பாலாக் குன்றில் கைவிடப்பட்ட அவர், நாட்கணக்கில் வேதனைப்பட்டு உயிர்நீத்தார். புனித சார்ள்ஸ் லுவாங்காவோடும் ஏனையோரோடும் 1964இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அவரைப் புனிதராக உயர்த்தினார். ஜூன் 3ஆம் திகதி நாம் நினைவுகூரும் உகண்டா மறைசாட்சியருள் அவரும் ஒருவர்.

இப்புனிதரின் துணிவை நாம் போற்றுகின்றோம். அதேவேளை, இவ்வாறான வீடுகளிலிருந்து வெளியேறிய மற்றைய பெண்களை நாம் நினைப்பதுண்டா? கணவர் திருமுழுக்குப் பெற்ற நாள், அவர்களுக்கு வீட்டை இழந்த நாளாகவும் இருந்திருக்குமே! திருச்சபை இக்கேள்வியை மறந்துவிடவில்லை. பல மனைவியரோடு வாழ்ந்த ஒருவர் திருமுழுக்குப் பெற்று ஒருத்தியோடு மட்டும் வாழத் தொடங்கும்போது, முதல் மனைவியும் விலக்கப்படும் ஏனையோரும் நீதிக்கும் கிறிஸ்தவ அன்புக்கும் ஏற்பப் பராமரிக்கப்படுவதை ஆயர் உறுதிசெய்ய வேண்டும் என 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு (1148) பணிக்கின்றது. முன்னைய மனைவியருக்கும் பிள்ளைகளுக்கும் அவர் ஆற்றவேண்டிய கடமை, நீதியின்பாற்பட்ட பாரதூரமான கடமை என்கின்றது கத்தோலிக்க திருச்சபையின் மறைக்கல்வி ஏடு (2387). 2025 நவம்பரில், திருத்தந்தை பதினான்காம் லியோவின் ஒப்புதலுடன், ‘ஒரே உடல்’ என்ற பொருள்படும் இலத்தீன் தலைப்பில், ஒருதார மணத்தின் மேன்மையை விளக்கும் கோட்பாட்டு ஏடொன்றையும் வத்திக்கான் வெளியிட்டது.

நமது நாட்டில், நமது இல்லங்களில்

இவையெல்லாம் தொலைதூரத்துக் கதைகள் என்று எண்ணிவிடாதீர்கள். நமது நாட்டின் நீதிமன்றங்களும் இக்கேள்வியைச் சந்தித்தன. கிறிஸ்தவ மணத்தில் இணைந்த ஒருவர், மனைவி உயிரோடிருக்க இஸ்லாத்தைத் தழுவி இன்னொருத்தியை மணந்தார். அது குற்றமாகாது என 1965இல் இலண்டன் கோமறைக் கழகம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பின் பின் முப்பதாண்டுகளுக்கு மேலாக, முதல் மனைவியர் சட்டத்தின் துணையின்றி நின்றனர். 1997இல் நமது உயர் நீதிமன்றம் பிறிதொரு வழக்கில் அந்த நிலையை மாற்றியது. திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் மணம் செய்தவர், அந்த மணம் நிலைத்திருக்கையில் மதம் மாறிச் செய்யும் இரண்டாவது மணம் செல்லாது என்றும், அது குற்றமே என்றும் தீர்ப்பாயிற்று. இரண்டாந்தாரத்திற்காக மட்டும் மதம் மாறுவது, நாம் கொடுத்த வாக்குக்குத் துரோகம். நம் இஸ்லாமிய சகோதரர் புனிதமாகப் போற்றும் நம்பிக்கைக்கும் அவமதிப்பு.

சட்டத்தின் கண்ணுக்கு எட்டாதவையும் உண்டு. ‘சின்னவீடு’ என்று ஊர் சிரித்துப் பேசுகின்றதே, அந்தச் சிரிப்புக்குப் பின்னே இரு வீடுகளில் இரு பெண்கள் அழுகின்றார்கள். பிள்ளைகள் தந்தையின் பெயரைச் சொல்லத் தயங்குகின்றார்கள். யுத்தமும் புலப்பெயர்வும் நம் குடும்பங்களைக் கடல்களுக்கு அப்பால் பிரித்துவைத்தன. வெளிநாட்டில் உழைக்கும் கணவனின் அழைப்புக்காக ஊரிலே ஆண்டுக்கணக்காகக் காத்திருக்கும் மனைவிக்கு, அங்கே அவனுக்கு வேறொரு குடும்பம் இருக்கின்றது என்ற செய்தி அயலவர் வாயிலாக வந்துசேர்வதைவிடக் கொடியது எது? ‘ஆதரவு தருகிறேன்’ என்ற சொல்லோடு, யுத்தத்தில் கணவனை இழந்தவளின் வாசலை மிதிக்கும் மணமான ஆண், எந்தச் சமூகத்தின் எந்த நியாயத்தைத் தனக்குத் துணைக்கு அழைப்பான்? அவன் தருவது ஆதரவன்று.

இதிலே அவனை மட்டும் குற்றஞ்சாட்டிவிட்டு நாம் ஒதுங்கிவிட முடியாது. அந்தப் பெண்ணின் வாசலுக்கு நாம் போகவில்லையே! மங்கல காரியங்களில் அவளை ஒதுக்கினோம். அவளுடைய பிள்ளையின் படிப்புச் செலவைக் கேட்டறியவில்லை. அவளுடைய ஒழுக்கத்தை மட்டும் கவனமாகக் கண்காணித்தோம். திருமணமாகி இரண்டு ஆண்டுகள் கடந்ததும் ‘இன்னும் விசேஷம் ஒன்றும் இல்லையா?’ என்று மருமகளைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் நாம் பெனின்னாவின் இடத்தில் அமர்ந்துகொள்கின்றோம். ‘அவனுக்கு வேறொரு பெண்ணைப் பார்த்திருக்கலாம்’ என்று சமையலறையில் முணுமுணுக்கும் போது, இரண்டாவது மனைவி வராமலே அந்த வீட்டைப் பலதார வீடாக்கிவிடுகின்றோம்.

அன்புக்குரியவர்களே, சீலோவில் அன்னாவின் கண்ணீரைக் குரு ஏலிகூடத் தவறாகவே விளங்கிக்கொண்டார். அவர் குடித்து வெறித்திருப்பதாக எண்ணினார். ஆனால் ஆண்டவர் அவரைக் கண்டார், நினைவுகூர்ந்தார். பாலைநிலத்தில் ஓடிய ஆகார், தன்னைக் காண்கின்ற இறைவன் என்றே ஆண்டவருக்குப் பெயரிட்டார் (தொடக்கநூல் 16:13). யாரும் காணாத பெண்ணைக் காண்பவரே நம் கடவுள். அவரை வழிபடுகின்ற நாமும் காணக் கற்றுக்கொள்ள வேண்டாமா?

இன்று மாலை குடும்பச் செபமாலைக்காகக் கூடும்போது, கணவன் மனைவியரே, திருமண நாளில் ஒருவருக்கொருவர் கொடுத்த வாக்கை உங்கள் பிள்ளைகளின் முன் ஒருமுறை நினைவுகூருங்கள். தொலைவில் இருப்பவர்கள் தொலைபேசியிலாவது அதனைச் செய்யுங்கள். பின்னர் உங்கள் பங்கிலே கணவனை இழந்த ஒரு பெண்ணையோ, கைவிடப்பட்ட ஒரு பெண்ணையோ, பிள்ளைக்காக ஏங்கும் ஒரு தம்பதியரையோ பெயர் சொல்லி மன்றாடுங்கள். செபம் முடிந்ததும் அந்த வீட்டின் படலையைத் திறந்து உள்ளே சென்று நலம் விசாரியுங்கள். வரும் திருவிழாப் பந்தியில் உங்கள் அருகே அவர்களுக்கு ஓர் இடம் வையுங்கள். உண்ணாமல் அழுதுகொண்டிருந்த அன்னா, செபித்து எழுந்து, உணவருந்தினார் என்றும், அதன்பின் அவர் முகம் வாடியிருக்கவில்லை என்றும் விவிலியம் கூறுகின்றது (1 சாமுவேல் 1:18). அப்பொழுது அவருக்கு இன்னும் பிள்ளை பிறந்திருக்கவில்லை.